சம்பளத் துண்டு முதல் மண்சரிவு அறிவித்தல் வரை: ஒன்றுபோலத் தெரியும் ஆங்கிலச் சொற்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தமிழில் ஒரே சொல்லால் முடிந்துவிடுகிற காரியத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்கள் இருக்கும். பேச்சில் எதைப் போட்டாலும் விளங்கிக்கொள்வார்கள். கடிதத்திலோ படிவத்திலோ மாற்றிப் போட்டால் கணக்கு பிசகும், சில வேளை உரிமையே கைமாறிவிடும். இலங்கை மலையகத்தில் தோட்ட அலுவலகம், பிரதேச செயலகம், தொழிற்சங்கக் காரியாலயம், பாடசாலை என்று அலைகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சிக்கல் கொடுக்கும் சொற்களை மட்டும் இங்கே எடுத்திருக்கிறோம்.

வேஜ், சாலரி இரண்டுமே சம்பளம்தானே?

தமிழில் இரண்டுமே சம்பளம்தான். ஆங்கிலத்தில் கணக்குப் பிடிக்கும் முறை வேறு. நாளுக்கு, மணிக்கு, கிலோவுக்கு என்று செய்த வேலையை எண்ணிக் கொடுப்பது வேஜ். மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையாகப் பேசிக் கொடுப்பது சாலரி. செக்ரோலில் (தோட்டத்தின் அன்றாட வேலைப் பதிவேட்டில்) பேர் விழுந்தால் அன்றைக்கு வேஜ். அரைப் பேர், அதாவது அரை நாள் வேலை என்று போட்டால் அதில் பாதி. கணக்கப்பிள்ளைக்கும் ஸ்டோர் கிளார்க்குக்கும் வருவது சாலரி. தொழிலாளருக்கு அடிப்படைச் சம்பளம் நிர்ணயிக்கும் சபையின் ஆங்கிலப் பெயரிலும் வேஜஸ் என்ற சொல்தான் இருக்கிறது.

இந்த வித்தியாசம் பணிக்கொடையில், அதாவது வேலையை விட்டு விலகும்போது கிடைக்கும் தொகையில், கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். 1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 5 வருட சேவை முடித்த ஒருவர் மாதச் சம்பளக்காரராக இருந்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் கணக்கு. மற்றவர்களுக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். இரண்டுக்கும் கடைசியாக வாங்கிய சம்பளமே அடிப்படை. நாள் சம்பளம் 1,000 ரூபாய், சேவை 20 வருடம் என்று வைத்துக்கொண்டால் 14 × 20 × 1,000, அதாவது 2,80,000 ரூபாய். மாதம் 30,000 வாங்கியவருக்கு 15,000 × 20, அதாவது 3,00,000. ஆகவே நாள் சம்பளக்காரர் தன் விண்ணப்பத்தில் ‘மை சாலரி’ என்று எழுதி, போன மாதம் கைக்கு வந்த மொத்தத் தொகையைப் பக்கத்தில் போட்டால், எந்தக் கணக்கில் தன்னைச் சேர்ப்பது என்ற குழப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். ‘டெய்லி வேஜ்’ என்று எழுதி நாள் சம்பளத்தைப் போடுங்கள்.

சம்பளத் துண்டில் டிடக்‌ஷன் என்று இருக்கிறது. சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று முறையிடலாமா?

குறைப்பது ரிடக்‌ஷன், கழிப்பது டிடக்‌ஷன். நாள் சம்பள வீதத்தையே கீழே இறக்கினால் அது ரிடக்‌ஷன். வீதம் அப்படியே இருக்க, மொத்தத்திலிருந்து ஒரு தொகையை எடுத்தால் டிடக்‌ஷன். கழிப்பதற்கு முன்னுள்ள தொகை கிராஸ், கழித்த பின் கைக்கு வருவது நெட். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கிலோவில் கழிக்கிறார்களே, அதுவும் டிடக்‌ஷன்தான். அதைப் பற்றி முறைப்பாடு எழுதும்போது ‘மை வேஜஸ் வேர் ரெடியூஸ்ட்’ என்று எழுதினால், ‘நாங்கள் வீதத்தில் கை வைக்கவே இல்லை’ என்று ஒரே வரியில் பதில் வரும். அவர்கள் சொல்வதும் எழுத்துப்படி சரிதான்.

இதோடு காண்ட்ரிபியூஷன் என்ற மூன்றாவது சொல்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் பிடிப்பது 8 சதவீதம். தொழில்தருநர் தன் பங்காகப் போடுவது 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் மேலும் 3 சதவீதம் போட வேண்டும். கணக்கிடும் சம்பளம் 30,000 ரூபாய் என்றால் உங்களிடமிருந்து 2,400 போகும். அவர் 3,600-உம் 900-உம் போடுவார். இந்த மூன்று தொகைகளில், துண்டில் டிடக்‌ஷன் பத்தியில் இருக்க வேண்டியது அந்த 2,400 மட்டுமே. 3,600 அல்லது 900 அந்தப் பத்திக்குள் இருந்தால் அவருடைய பங்கை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தில் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

அட்வான்ஸ், அலவன்ஸ்?

அட்வான்ஸ் திரும்பப் போகும் பணம், அலவன்ஸ் திரும்பப் போகாத பணம். தீபாவளிக்குக் கொடுக்கும் முற்பணம் அட்வான்ஸ். பிறகு வரும் மாதங்களில் தவணையாகப் பிடித்துவிடுவார்கள். 2021 மார்ச்சில் நாள் சம்பளம் 1,000 என்று ஆனபோது அதில் 900 அடிப்படை, மீதி 100 அலவன்ஸ். ‘தீபாவளி அலவன்ஸ்’ என்று கோரிக்கைக் கடிதத்தில் எழுதினால் நீங்கள் கேட்பது இனாம் என்று ஆகிவிடும். அது தெரிந்தே கேட்கிறீர்கள் என்றால் தாராளமாக எழுதுங்கள்.

லீவ், ஹாலிடே, வேக்கேஷன் எல்லாமே லீவுதானே?

போயா (பௌர்ணமி) தினம், தைப்பொங்கல், தீபாவளி போல எல்லாருக்கும் பொதுவாக வருவது ஹாலிடே. அதற்கு யாரும் விண்ணப்பம் போடுவதில்லை. நீங்கள் கேட்டு, மேலே உள்ளவர் அனுமதித்து எடுப்பது லீவ். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் வேலை செய்பவருக்கு வருடாந்த லீவ் 14 நாள், தற்செயல் லீவ் 7 நாள். ஹட்டனிலோ கொழும்பிலோ கடையில் நிற்கும் பிள்ளைகள் ‘ஐ வான்ட் த்ரீ டேய்ஸ் ஹாலிடே’ என்று எழுதுவதைப் பார்க்கிறோம். அங்கே லீவ்தான் வர வேண்டும்.

கவனிக்க வேண்டியது வேக்கேஷன். பாடசாலை விடுமுறைக்கும் அந்தச் சொல்தான். ஆனால் அலுவலகக் கடிதத்தில் ‘வேக்கேஷன் ஆஃப் போஸ்ட்’ என்று வந்தால் அதற்கும் விடுமுறைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அறிவிக்காமல் வேலைக்கு வராததால், நீங்களே வேலையை விட்டுப் போனதாகக் கருதுகிறோம் என்பது அதன் பொருள். சுகமில்லாமல் ஊரில் படுத்திருந்தவருக்கு இந்தக் கடிதம் வந்து, ‘லீவு கிடைத்துவிட்டது’ என்று வீட்டில் வைத்துக்கொண்டால் காரியம் கெட்டுவிடும். கையில் கிடைத்த அன்றைக்கே மருத்துவச் சான்றிதழோடு பதிவுத் தபாலில் பதில் அனுப்ப வேண்டும். பதிலில் ‘ஐ ஹேவ் நாட் வெகேட்டட் மை போஸ்ட்’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும்.

மண்சரிவு அறிவித்தலில் இவாக்குவேட் என்கிறார்கள், தோட்டக் கடிதத்தில் வெகேட் என்கிறார்கள். இரண்டும் வெளியேறு என்பதுதானா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

இவாக்குவேட் என்றால் ஆபத்துக்காக இப்போது விலகிப் போவது. வீடு உங்களுடையதாகவே இருக்கும். ஆபத்து தீர்ந்தால் திரும்பி வருவீர்கள், வர முடியாமல் போனால் மாற்று இடம் கேட்கலாம். வெகேட் என்றால் இடத்தைக் காலி செய்து, சாவியைக் கொடுத்து, இருப்பை விட்டுவிடுவது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தல் மூன்று நிறத்தில் வரும். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும்: சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று இவற்றைப் பார்க்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் மூட்டை கட்டித் தயாராக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் இவாக்குவேட். அதற்குப் பிறகு நின்று யோசிக்க நேரம் இல்லை. நிறத்துக்காகக் காத்திருக்காமல், 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் மழை விழுந்து இன்னும் விடவில்லை என்றாலே சரிவின் கீழ் உள்ள லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) உள்ளவர்கள் உஷாராகிவிட வேண்டும்.

‘யூ ஆர் ரிக்வெஸ்டட் டு வெகேட் த குவார்ட்டர்ஸ்’ என்று தோட்டத்திலிருந்து வரும் கடிதம் வேறு வகை. குவார்ட்டர்ஸ் என்ற சொல்லையும் கவனியுங்கள்: வேலைக்காகக் கொடுத்த இருப்பிடம் என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது, ஹவுஸ் என்பதில் அது இல்லை. இப்படிப்பட்ட கடிதத்துக்கு, படித்துப் பார்க்கக்கூடிய ஒருவரிடமோ தொழிற்சங்கத்திலோ காட்டாமல் ஒப்பம் வைக்க வேண்டாம்.

பிழை பெரும்பாலும் நடப்பது மழை விட்ட பிறகு. பாடசாலையில் தங்கவைக்கப்பட்ட குடும்பம் நிவாரணத்துக்கு எழுதும் கடிதத்தில் ‘வீ வெகேட்டட் லைன் நம்பர் 4’ என்று போட்டுவிடுகிறது. நாங்களாகவே காலி செய்துவிட்டோம் என்றுதான் அதைப் படிப்பார்கள். எழுத வேண்டியது ‘வீ வேர் இவாக்குவேட்டட் ஃப்ரம் லைன் நம்பர் 4’. வெளியேற்றப்பட்டோம் என்று செயப்பாட்டு வினையாக இருப்பது முக்கியம். அதோடு எந்தத் தேதி, யார் சொல்லி, எங்கே தங்கினோம் என்ற மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லேண்ட்ஸ்லைட் என்றும் எர்த் ஸ்லிப் என்றும் எழுதுகிறார்களே?

மலையின் ஒரு பகுதியே பெயர்ந்து வருவது லேண்ட்ஸ்லைட். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தையில் நடந்தது அது. ரோட்டோர மண்மேடோ, லயத்தின் பின்புறம் வெட்டிய கட்டோ சரிவதை நம் நாட்டு ஆங்கிலத்தில் எர்த் ஸ்லிப் என்பார்கள். சிறிதாகச் சொன்னால் சிறிதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வீட்டுச் சுவர் வரை மண் வந்திருந்தால் பெயரைப் பற்றி வாதாடாமல், மண் எத்தனை அடி உயரத்துக்கு, எத்தனை அடி தூரத்துக்கு வந்தது என்று எழுதிவிடுங்கள்.

பனிக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல்?

நமக்குத் தேவை ஐந்து: மிஸ்ட், ஃபாக், டியூ, ஃப்ராஸ்ட், ஸ்னோ. தமிழில் எல்லாவற்றையும் பனி என்று சொல்லிப் பழகியதால், நுவரெலியாவில் புல் வெளுத்துக் கிடக்கும் ஜனவரி மாதத்தில் ‘நுவரெலியாவில் பனிப்பொழிவு’ என்று செய்தி போட்டுவிடுகிறார்கள். பொழிவு என்றால் வானத்திலிருந்து விழ வேண்டும். அது ஸ்னோ, இலங்கையில் அது விழுவதில்லை.

மிஸ்டுக்கும் ஃபாக்குக்கும் வானிலைக்காரர்கள் வைத்திருக்கும் எல்லை 1 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு அப்பாலும் பார்க்க முடிந்தால் மிஸ்ட், அதற்குள்ளேயே மறைந்துவிட்டால் ஃபாக். இரண்டும் காற்றில் தொங்கும் நுண்ணிய நீர்த்துளிதான். றம்பொடையில் வாகனத்தின் முன் விளக்கு பத்தடிக்கு மேல் எட்டவில்லை என்றால் அது சந்தேகமில்லாமல் ஃபாக். ஆனால் நம் மலைகளில் எல்லாரும் எதற்கும் மிஸ்ட் என்றே சொல்வார்கள். பேச்சில் அதைத் திருத்த வேண்டியதில்லை. பள்ளத்தில் நின்று பார்க்கிறவருக்கு மலையில் மேகம் படுத்திருக்கிறது, அந்த மலையில் கொழுந்து எடுப்பவருக்கு ஃபாக். பொருள் ஒன்று, நிற்கும் இடம்தான் வேறு. மருந்து தெளிக்கும் மிஸ்ட் ப்ளோவருக்கு அந்தப் பெயர் வந்ததும் துளி அத்தனை நுண்மையாகப் பறப்பதால்தான்.

டியூ என்பது காலையில் கொழுந்தில் முத்து முத்தாக நிற்கும் தண்ணீர். சட்டைக் கையை நனைக்கும், நிறுவையில் ஈரக் கழிவுக்குக் காரணமாகும், வேறு தொல்லை இல்லை. ஃப்ராஸ்ட் அப்படியல்ல. மேகம் இல்லாத, காற்றில்லாத இரவில் தரையும் இலையும் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு உறைநிலைக்குக் கீழே போகும்போது அங்கேயே படிவது அது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஜனவரி, பெப்ரவரியில் அங்கே இது வரும். ஆளுயரத்தில் தொங்கும் வெப்பமானி 3, 4 பாகை காட்டும்போதே புல்லில் ஃப்ராஸ்ட் இருக்கலாம். குளிர்ந்த காற்று பாரமானது, பள்ளத்தில் இறங்கித் தேங்கும். அதனால்தான் மேட்டு மலை பச்சையாக இருக்க, ஓடையோரத்துத் தேயிலை மட்டும் கருகும். விடியற்காலை இலை ஓரத்தில் உப்புத் தூவியதுபோல இருக்கும். வெயில் ஏறியதும் அது கரைந்து, இலை வெந்நீர் ஊற்றியதுபோலத் துவண்டு, பிறகு பழுப்பாகி, நசுக்கினால் பொடியாகும். வளிமண்டலவியல் திணைக்களம் இதைத் துகள் உறைபனி என்று எழுதுகிறது, நல்ல சொல். உருளைக்கிழங்குக்கோ தேயிலைக்கோ சேதம் என்று அறிக்கை எழுதினால் ‘ஃப்ராஸ்ட் டேமேஜ்’ என்று எழுதுங்கள். ‘மிஸ்ட் டேமேஜ்’ என்று எழுதினால், மூட்டத்தால் செடி கருகுமா என்று வாசிப்பவர் திருப்பிக் கேட்பார்.

படிவத்தில் நேஷனாலிட்டி என்ற இடத்தில் இந்தியத் தமிழர் என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. வெளிநாட்டு விசாப் படிவத்தில் நேஷனாலிட்டி என்றால் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். விடை ஸ்ரீலங்கன். பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் இருப்பதை அப்படியே பெயர்த்து ‘இண்டியன் டமில்’ என்று போட்டால், உங்களை இந்தியப் பிரஜையாக எடுத்துக்கொள்வார்கள். கடவுச்சீட்டும் படிவமும் ஒத்துவராது, விண்ணப்பம் நின்றுவிடும். எத்னிசிட்டி அல்லது ரேஸ் என்று கேட்டால் மட்டும் இனத்தை எழுதுங்கள். சிட்டிசன்ஷிப் என்பது சட்டப்படியான பிரஜாவுரிமை. பெரும்பாலான படிவங்களில் அதற்கும் நேஷனாலிட்டிக்கும் விடை ஒன்றுதான்.

மலையக மக்களுக்கு இது வெறும் சொல் விளையாட்டாக இருந்ததில்லை. 1948-இன் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எத்தனையோ பேர் ஸ்டேட்லெஸ், அதாவது எந்த நாட்டுக்கும் உரியவர் இல்லாதவர் ஆனார்கள். 2003-இன் 35-ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் அது பெரும்பாலும் தீர்ந்தது. நடுவில் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதைக் குறித்த சொல் ரிபாட்ரியேஷன், தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்புதல். போனவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். இதுவரை பார்த்திராத ஊருக்குத் திரும்பிப் போவது எப்படி என்று அந்தச் சொல்லிடம்தான் கேட்க வேண்டும்.

எஸ்டேட், பிளான்டேஷன், கார்டன்?

மூன்றுக்கும் நாம் தோட்டம் என்போம். நிர்வாகம் ஒன்றாக உள்ள ஒரு தனித் தோட்டம் எஸ்டேட். பிளான்டேஷன் என்பது பெருந்தோட்டத் துறையைச் சொல்லும் பரந்த சொல். கார்டன் என்று தேயிலைத் தோட்டத்தைச் சொல்வது அஸ்ஸாம், டார்ஜிலிங் வழக்கம். இங்கே கார்டன் என்றால் வீட்டுத் தோட்டம். குடிசனத் தொகைமதிப்பில் எஸ்டேட் துறை என்றால் 20 ஏக்கர் அல்லது அதற்கு மேல், அங்கேயே குடியிருக்கும் தொழிலாளர் 10 பேராவது இருக்க வேண்டும்.

காணிக் கடிதத்தில் லீஸ், ரெண்ட், டீட், டைட்டில் என்று நான்கு சொல்.

ரெண்ட் என்பது மாதாமாதம் கொடுக்கும் வாடகை. லீஸ் என்பது இத்தனை வருடத்துக்கு என்று எழுதிக்கொள்ளும் குத்தகை. தோட்டக் கம்பனிகள் 1992-க்குப் பிறகு அரசின் காணியை வைத்திருப்பது லீஸில்தான். காணி அவர்களுக்குச் சொந்தமில்லை. டைட்டில் என்பது உரித்து, டீட் என்பது அதைக் காட்டும் உறுதிப் பத்திரம். பத்திரம் தொலைந்தாலும் உரித்து இருக்கலாம். பத்திரம் இருந்தும் உரித்து இல்லாமல் போகலாம். 7 பேர்ச்சஸ் வீட்டுக் காணிக்குப் புகைப்படம் எடுத்துக்கொண்டு ஒரு காகிதம் கொடுத்தால், அதன் தலைப்பில் டீட் என்று இருக்கிறதா, பர்மிட் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பர்மிட் என்றால் அனுமதி மட்டுமே. ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி, ஆகவே 7 பேர்ச்சஸ் 1,905 சதுர அடிக்குச் சற்று மேல். காகிதத்தோடு உள்ள வரைபடத்தின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி ஒருமுறை சரிபாருங்கள்.

ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) விதரிங், டிரையிங் இரண்டுமே காய வைப்பதுதானே? ஃபெர்மென்டிங் என்றால் புளிக்க வைப்பதா?

விதரிங் என்பது வாட்டுவது. நூற்றுக்கு எழுபத்தைந்து பங்குக்கு மேல் நீர் உள்ள பச்சைக் கொழுந்தைத் தொட்டியில் பரப்பி, பெரும்பாலும் ஓர் இரவு காற்று விட்டு, கையில் பிடித்தால் முறியாமல் மடங்கும் பதத்துக்குக் கொண்டுவருவார்கள். வாட்டாமல் உருட்டினால் இலை சுருளாது, நொறுங்கும். டிரையிங் கடைசியில் சூட்டில் நடப்பது. சுமார் 20 நிமிடத்தில் ஈரம் 3 சதவீதத்துக்கு இறங்கும். 100 கிலோ கொழுந்து கடைசியில் 21, 22 கிலோ தேயிலையாக நிற்பதும் இந்த நீர் போவதால்தான்.

ஃபெர்மென்டிங் என்பது பழைய பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். தோசை மாவு ஃபெர்மென்ட் ஆகிறது, நுண்ணுயிர் வேலை செய்வதால். உருட்டிய தேயிலையில் அந்த வேலை இல்லை. இலைச் சாறும் காற்றும் சேர்ந்து, இலையிலேயே உள்ள நொதியால் செம்பு நிறமாகிறது. சரியான சொல் ஆக்ஸிடேஷன். ஸ்டோரைச் சுற்றிக் காட்டும் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: பலகையில் எழுதியிருப்பது முதலாவது, வெள்ளைக்காரர் கேள்வி கேட்டால் சொல்ல வேண்டியது இரண்டாவது.

பாரோ, லெண்ட் எப்போதும் மாறிவிடுகிறதே?

கடன் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பார்ப்பதால் மாறுகிறது. பின்னால் வரும் வினையைப் பாருங்கள்: கடன் வாங்கு பாரோ, கடன் கொடு லெண்ட். ‘கேன் யூ பாரோ மீ’ என்று வரவே வராது.

அட்வைஸ், லைசன்ஸ் இவற்றில் சி போடுவதா, எஸ் போடுவதா?

நம் நாட்டில் பிரித்தானிய எழுத்துமுறைதான். பெயராக வந்தால் சி, வினையாக வந்தால் எஸ். சாரதி அனுமதிப்பத்திரம் என்ற லைசன்ஸ் பெயர்ச்சொல், அதனால் சி. அனுமதி கொடுப்பது என்ற லைசன்ஸ் வினை, அதனால் எஸ். பயிற்சி என்ற பிராக்டிஸ் சி, பயிற்சி செய் என்ற பிராக்டிஸ் எஸ். இந்த இரண்டிலும் உச்சரிப்பு மாறாது, எழுத்து மட்டும் மாறும். அட்வைஸில் மட்டும் காது உதவும்: அறிவுரை என்ற பெயர்ச்சொல்லில் கடைசி ஒலி பாம்பு சீறுவதுபோல, அறிவுரை சொல் என்ற வினையில் தேனீ இரைவதுபோல. கைத்தொலைபேசி அமெரிக்க எழுத்துமுறையில் இருந்தால் இதில் சரியானதையும் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். அமைப்பில் போய் மொழியைப் பிரித்தானிய ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள்.